வலியவன் வழிவிடும் வானம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலை மைசூர்ப் பீடபூமியின் விளிம்பிலிருந்து கீழே இறங்குகிறது. ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியோ அதனினும் ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்தது. இத்தகைய சரிவின்மீது காற்று மோதினால் என்ன நேரும்? நேரே செல்ல வழியின்றி அது மேலே எழும். சரிவின் மறுபுறத்திலோ, அதே காற்று கீழ்நோக்கி இறங்கும்.

எஞ்சின் இல்லாத விமானமாகிய கிளைடருக்கு மேலெழும் காற்றே உயிர். பருந்து சிறகசைக்காமல் மிதப்பது போல, அது மலையோரத்தைப் பற்றிக்கொண்டே பறக்கும். எஞ்சின் கொண்ட சிறு விமானங்களும் மலைகளைக் கடக்கத் தாழ்ந்த கணவாய்களை நாடுகின்றன. நிலையத்தில் இறங்க வரும் பெரிய விமானங்களும் அவ்வுயரத்திற்குத் தாழ்ந்து வருகின்றன. அப்படியானால், யார் யாருக்கு வழிவிடுவது?

உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி தெளிவானது. இரண்டின் பாதைகளும் ஒன்றையொன்று குறுக்கிடுமானால், எஞ்சின் விமானம் கிளைடருக்கு வழிவிட வேண்டும். கிளைடர் பலூனுக்கு வழிவிட வேண்டும். இழந்த உயரத்தை எளிதில் மீட்கக்கூடியவன் விலகுவதே முறையன்றோ? மலைச்சரிவில் இரு கிளைடர்கள் எதிரெதிரே வந்தால், மலையை இடப்புறத்தில் கொண்டது வலப்புறம் விலகும். மற்றதற்கு வலப்புறத்தில் மலையே நிற்கிறது. அது எங்கே விலகும்?

ஆயினும், கண்ணுக்குத் தெரிந்தால்தானே வழிவிட முடியும்? மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளைடரும், 260 கிலோமீட்டர் வேகத்தில் விமானமும் எதிரெதிரே வருவதாகக் கொள்வோம். வினாடிக்கு 100 மீட்டர் வீதம் இடைவெளி குறையும். இரண்டு கிலோமீட்டர் இருபதே வினாடிகளில் கழிந்துவிடும். மெலிந்த வெண்ணிறக் கிளைடரோ எதிரிலிருந்து நோக்கினால் ஒரு கோடாகவே தோன்றும்.

2006 ஆகஸ்ட் 28 அன்று, அமெரிக்காவின் நெவாடா மலைப்பகுதிக்கு மேலே, ஏறக்குறைய 16,000 அடி உயரத்தில், ஒரு ஜெட் விமானமும் ஒரு கிளைடரும் மோதிக்கொண்டன. கிளைடர் விமானி பாராசூட் மூலம் உயிர் தப்பினார். ஜெட் விமானமும் சக்கரங்களை இறக்க இயலாமலேயே தரையிறங்கிற்று. ஒருவரும் மாளவில்லை. தரையிலுள்ள ராடாருக்குத் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி கிளைடரில் இருந்தது. ஆனால், மின்கலத்தின் ஆற்றலைச் சேமிப்பதற்காக அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது! அக்காலத்து அந்நாட்டு விதிகளும் கிளைடர்களுக்கு விலக்கு அளித்திருந்தன. அவ்விலக்கை நீக்க வேண்டுமென விசாரணைக் குழு பின்னர்ப் பரிந்துரைத்தது.

ஆகவே, வழிவிடும் விதியோடு வேறு சிலவும் வேண்டும்: வானொலித் தொடர்பு, இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி, கிளைடர்களுக்கென வரையறுத்த வான்பகுதி, பறக்கும் நேரத்தைப் பற்றிய முன்னறிவிப்பு.

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே ஒரு விமான ஓடுதளம் உண்டு. வடக்கே பெங்களூரின் விமான நிலையங்கள் உள்ளன. ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. வானம் பரந்ததே, ஆயினும் அதிலும் நெரிசல் உண்டாகும். வலியவன் வழிவிட வேண்டும். எளியவன் தான் இருக்குமிடத்தைத் தெரிவிக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் வான்வழி காவலுள்ள வழியாகும்.