இதயத் தசை மறுபடி வளருமா?

மாரடைப்பில் செத்த தசை இருந்த இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு சுருங்கி விரியாது, ரத்தத்தைத் தள்ளாது. இதயத் தசை செல்கள் புதுசா உருவாகவே உருவாகாதுன்னுதான் ரொம்ப நாள் நம்பினாங்க.

ஸ்வீடனில் யோனாஸ் ஃப்ரிசென் குழு இதைச் சோதித்த விதம் அபாரம். அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வரை காற்றில் கார்பன்-14 எகிறியது. அப்புறம் படிப்படியாகக் குறைந்தது. செல் பிறந்த காலத்துக் கார்பன் அதன் டிஎன்ஏவில் தங்கிவிடும், ஃபைலில் உருவான தேதி பதிவாகிற மாதிரி (தொழில் புத்தி!). இறந்தவர்களின் இதயச் செல்களில் அதை அளந்தார்கள். 2009இல் வந்த விடை: 25 வயதில் வருஷத்துக்குச் சுமார் 1%, 75 வயதில் 0.45% செல்கள் புதுசாகின்றன.

பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள் சாகலாம். இந்த வேகம் பத்தவே பத்தாது. ஆனா பூஜ்யம் இல்லை என்பதால், மருந்தால் வேகத்தைக் கூட்டப் பார்க்கலாம்.

2019இல் பன்றிகளிடம் பார்த்தார்கள். மாரடைப்புக்குப் பின் மைக்ரோஆர்என்ஏ-199ஏ-வைச் செலுத்தியதும் செல்கள் பிரிந்தன, ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது. ஆனா அதை நிறுத்த வழி இல்லை. அடுத்த வாரங்களில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, பெரும்பாலான பன்றிகள் திடீர்னு செத்துப்போச்சு. இப்போ தேடுவது, வேலை முடிந்ததும் தானே அடங்கிப் போகிற மருந்தைத்தான்.