குற்றவாளியா, சுற்றவாளியா?

மீளக்குடியேறிய கிராமமொன்றில், மாலை மங்கி இருளும் நேரம். வீட்டுக்குக் கூரை போடுவதற்காக ஒருவர் தம் காணியில் பட்டுப்போய் நின்ற முதிரை மரத்தை அரிந்து, மைத்துனரின் லாண்ட் மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். பெட்டியின் பின்விளக்கு எரியவில்லை. சந்தியில் நின்ற பொலிசார் மறித்தது அந்த விளக்குக்காகத்தான். ஆனால் டோர்ச் அடித்துப் பார்த்தபோது பெட்டிக்குள் மரம் கிடந்தது. அதைக் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் அவரிடம் இல்லை. என் காணி மரத்துக்கு எதற்கு அனுமதி என்பது அவர் எண்ணம். அன்றிரவே வாகனமும் மரமும் பொலிஸ் நிலைய முற்றத்துக்குப் போயின. மறுநாள் அவர் நீதவான் முன் நிறுத்தப்பட்டு, ஆட்பிணையில் வீடு வந்தார்.

இது எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதை. ஊரும் பேரும் வேண்டாம்.

அடுத்த தவணைக்கு முன் அவருக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். "ஒத்துக்கொண்டால் ஒரே நாளிலை முடிஞ்சிடும். தண்டத்தைக் கட்டிப்போட்டு வயலுக்குப் போ." எல்லோரும் சொன்னது இதையே. விதைப்புக் காலம் வேறு. தவணைக்குத் தவணை பஸ் காசும் ஒருநாட் கூலியும் போகும். ஆகவே கூண்டில் ஏறியவர் "குற்றவாளி" என்றார். மனைவியின் தோட்டை அடைவு வைத்துத் தண்டப்பணத்தைக் கட்டினார். பிறகுதான் லாண்ட் மாஸ்டரைக் கேட்டார். அது பறிமுதலுக்குரியது என்று சொன்னார்கள். குத்தகைக் கம்பனிக்கு மாதாமாதம் பணம் கட்டிவரும் மைத்துனருக்கு அன்றுதான் விடயம் முழுதாகத் தெரிந்தது. இரு குடும்பங்களுக்கும் இடையே பேச்சு வார்த்தை நின்றுபோனது.

சட்டம் இப்படித்தான் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வனக் குற்றத்திற்கு ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டால், அதற்குப் பயன்பட்ட வாகனமும் கருவிகளும் மற்றத் தண்டனைகளுக்கு மேலதிகமாகப் பறிமுதல் செய்யப்படும். வாகனம் வேறொருவருடையது என்றால், அது குற்றத்திற்குப் பயன்படாதிருக்கத் தாம் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததாக உரிமையாளர் நீதிமன்றத்துக்கு எண்பித்தாலே தப்பலாம். "கவனமாய் ஓட்டு என்று வாயாற் சொன்னேன்" என்பது மட்டும் போதாது என மேல்நிலை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளன. அனுமதியின்றி மாடு ஏற்றுவோருக்கும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் இதே ஆபத்து உண்டு. தண்டத் தொகையை மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எம்மவர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. பின்விளக்கு, தலைக்கவசம் போன்ற சிறு பிழைகளுக்குத் தெருவில் எழுதித் தரப்படும் தண்டப் பத்திரத்தைத் தபாற் கந்தோரில் கட்டினால் அதோடு சரி. நீதிமன்றத்துக்கு வரச்சொன்ன வழக்கு அப்படியல்ல. ஒன்றைக் கட்டியதால் மற்றது முடிந்ததென்று எண்ணித் தவணைக்குப் போகாமல் விட்டு, பிடியாணையில் அகப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

மறித்த இடத்தில் வாய்த்தர்க்கம் வேண்டாம். கைது செய்தால் அதன் காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண வழக்குகளில், பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். 2012ஆம் ஆண்டின் பொலிஸ் விதிகளின்படி சட்டத்தரணி ஒருவர் உங்களுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வரலாம். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்கவேண்டாம். வாசித்து விளக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பயத்தில் பொலிசாரிடம் ஏதும் ஒத்துக்கொண்டிருந்தாலும் மனம் உடையத் தேவையில்லை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கெதிராக எண்பிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் திறந்த நீதிமன்றத்தில் நீங்களே சொல்லும் "குற்றவாளி" என்ற சொல் அப்படிப்பட்டதன்று. அதைச் சொன்ன பின் மேன்முறையீட்டு வழியும் பெரிதும் ஒடுங்கிவிடும்.

எனவே முதலியார் குற்றச்சாட்டை வாசித்துக் கேட்கும்போது, "ஐயா, நான் சட்டத்தரணியை வைக்கவேண்டும், தவணை தாருங்கள்" என்று சொல்லலாம். தமிழில் சொல்லலாம். நீதிமன்ற மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கேட்கவும் உரிமை உண்டு. பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆதலால் தவணை கேட்டால் மறியலில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் வீண்.

சட்டத்தரணிக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு இலவசமாக வழக்குப் பேசுகிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், கிளிநொச்சி முதலிய நகரங்களில் அதற்கு நிலையங்கள் உண்டு. அடையாள அட்டை, கிராம அலுவலரிடம் பெற்ற வருமானக் கடிதம், பிணைத் துண்டு, வழக்கு இலக்கம், வாகனப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றோடு தவணைக்குப் பல நாள் முன்பே போங்கள். தவணையன்று காலை எட்டு மணிக்கு ஓடுவதாற் பயனில்லை. மரம் உங்கள் காணியில் நின்றதென்றால் உறுதியும் தேவைப்படும். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தாலும், பதியப்பட்ட உறுதி என்றால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். நீதிமன்ற வாசலில் தோளில் கைபோட்டு "நான் பார்த்துத் தாறன்" என்று வருவோரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எத்தனையோ முறை எமக்கு எரிச்சலூட்டிய காட்சி அது.

இவற்றை ஒரு கூட்டத்தில் நாம் சொன்னபோது முதியவர் ஒருவர் எழுந்து, "சுவாமி, செய்ததை இல்லையெண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பொய் சொல்லும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. "சுற்றவாளி" என்றால், வழக்கை எண்பிக்கவேண்டியது முறைப்பாட்டாளரின் பொறுப்பு என்று சட்டம் தந்த இடத்தில் நிற்பது மட்டுமே. மரம் யாருடையது, எந்தப் பிரிவின் கீழ் வழக்கு, வாகனத்துக்கு என்ன நேரும் என்பனவற்றைச் சட்டத்தரணி பார்த்தபின், குற்றத்தை ஏற்பதே மேல் என்று அவர் சொல்லவுங் கூடும். அப்போது தெரிந்து ஏற்கிறோம். கூரை போடும் அவசரத்திலிருந்த அந்த மனிதர் தெரியாமல் ஏற்றார்.

மைத்துனரை நாம் சட்ட உதவி நிலையத்துக்கு அழைத்துப் போனோம். பறிமுதல் விசாரணையில் தம்மைக் கேட்கவேண்டும் என்று அவர் சார்பில் சட்டத்தரணி விண்ணப்பித்தார். குத்தகை ஒப்பந்தமும், மாதப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளும், நெல் ஏற்றவும் உழவும் மட்டுமே வாகனத்தைக் கொடுப்பதாக அவர் முன்னரே எழுதி வைத்திருந்த கொப்பியும் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்டன. அந்தக் கொப்பி தற்செயலாக இருந்த ஒன்று. வாகனம் இரவல் கொடுப்போர் இனி அப்படியொன்றை வைத்திருப்பது நல்லது. விசாரணை இரண்டு தவணை கண்டுவிட்டது, இன்னும் முடியவில்லை. அந்தப் போகம் இரு வீட்டாரும் கூலி உழவு இயந்திரம் பிடித்தே விதைத்தார்கள். மூன்றாந் தவணைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகப் போவதாக எமக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.