நினைவைக் காக்கும் சிறு மின்கலம்

பழைய மின்னணுப் பொருள்கள் பல, உண்மையில் பழுதாவதற்கு முன்பே குப்பைக்குப் போய்விடுகின்றன. அவற்றில் முதலில் செயலிழக்கும் பாகம் எது, அதை யார் மாற்ற முடியும் என்பது வாங்கியவருக்குத் தெரியாததே இதற்குக் காரணம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான ஒரு விளையாட்டுக் கருவி இதைத் தெளிவாக விளக்குகிறது.

ஜப்பானின் சேகா நிறுவனம் 1994 நவம்பர் 22-இல் 'சாட்டர்ன்' என்ற விடியோ விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. குறுந்தகட்டில் உள்ள விளையாட்டைத் தொலைக்காட்சித் திரையில் ஆடச் செய்யும் கருவி அது. சில நாள்களிலேயே சந்தைக்கு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. அந்தப் போட்டியில் சாட்டர்ன் தோற்றது. ஆயினும், உலகெங்கும் சேகரிப்பாளர்கள் அதைப் பாதுகாத்து வருகின்றனர். அவர்களில் பலர் சந்திக்கும் சிக்கல் ஒன்றுண்டு. கருவியை இயக்கும்போதெல்லாம் மொழியையும் தேதியையும் நேரத்தையும் அது புதிதாகக் கேட்கும். பல வாரங்கள் ஆடிச் சேமித்த பதிவுகள் ஒன்றும் இருக்காது. கருவியின் மின்சுற்றே கெட்டுவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. பெரும்பாலும் தீர்ந்திருப்பது சில பத்து ரூபாய் விலையுள்ள ஒரு மின்கலம் மட்டுமே.

விளையாட்டு வரும் குறுந்தகட்டை வாசிக்க முடியும். அதில் எழுத முடியாது. எனவே, ஆடுபவர் எந்தக் கட்டம் வரை வந்தார் என்பதை வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்காக சாட்டர்னுக்குள் 32 கிலோபைட் நினைவகம் உண்டு. மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே தகவலைப் பிடித்து வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது அது. கருவியை நிறுத்திய பின் அதற்கும் உள் கடிகாரத்துக்கும் உயிர் கொடுப்பது 'சிஆர் 2032' என்ற பொத்தான் வடிவ லித்தியம் மின்கலம். அதன் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையே அந்த எண் குறிக்கிறது. அது தரும் 3 வோல்ட் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்போது கடிகாரமும் பதிவுகளும் ஒருசேர அழிகின்றன.

பழுதை நீக்குவது எளிது. பதிவுகள் இன்னும் இருக்குமானால், முதலில் அவற்றைக் கருவியின் மேற்புறத் துளையில் செருகும் நினைவகப் பெட்டிக்கு நகலெடுக்க வேண்டும். கருவியின் திரையிலேயே அதற்கு வசதி உண்டு. அந்தப் பெட்டியில் இருப்பது மின்கலம் தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகம். பின்னர் கருவியை நிறுத்தி, மின்இணைப்பைத் துண்டித்து, பின்புற மூடியைத் திறந்து, பழைய மின்கலத்தை எடுத்துவிட்டு, அது இருந்த வாக்கிலேயே புதியதை வைக்க வேண்டும். தேதியையும் நேரத்தையும் அமைத்து, நகலெடுத்தவற்றைத் திருப்பி ஏற்றினால் வேலை முடிந்தது. கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்கலத்தை மாற்றினால் பதிவுகள் அழியா என்பது சேகரிப்பாளர் பலரின் வழக்கம். விரல் நழுவினால் கருவிக்கே ஆபத்து என்பதால் நகலெடுப்பதே நல்லது. ஒன்றை மறக்கலாகாது: ஏற்கெனவே அழிந்த பதிவு எந்தப் புதிய மின்கலத்தாலும் திரும்பி வராது. எனவே, மாற்றிய தேதியைச் சிறு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்து, தீர்வதற்கு முன்பே மாற்றிவிடுவது அறிவுடைமை.

இந்த எளிமை தானாக அமைந்ததன்று. கருவியின் உடலைப் பிரிக்காமலே எட்டும் இடத்தில் மின்கலத்தை வைக்க வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால், அதே நிறுவனம் 1991-இல் வெளியிட்ட சேகா சிடி கருவியில் நினைவகத்தைக் காக்கும் மின்கலம் மின்பலகையில் பற்றவைக்கப்பட்டிருந்தது. 1998-இல் வந்த டிரீம்காஸ்ட்டிலும் கடிகாரத்துக்கான மின்கலம் பற்றவைக்கப்பட்டதே. விளையாட்டுப் பதிவுகள் தனி ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்ததால் அவை தப்பின. டிரீம்காஸ்ட்டின் மின்கலம் மீண்டும் மின்னேற்றம் பெறும் வகை. அதற்குப் பதிலாகச் சாதாரண சிஆர் 2032-ஐ அப்படியே பொருத்தினால், மின்னேற்றக் கூடாத ஒன்றுக்கு மின்னேற்றம் பாய்ந்து ஆபத்து விளையும். ஆக, ஒன்றில் எவரும் செய்துகொள்ளும் வேலை, மற்றொன்றில் தேர்ந்த பழுதுநீக்குநரிடம் போக வேண்டிய வேலையாகிவிடுகிறது. இரண்டிலும் மின்கலத்தின் விலை பெரிதன்று. வேறுபடுவது உழைப்பின் கூலி. அந்தக் கூலி, பழைய பொருளின் மதிப்பை மிஞ்சினால் பொருள் குப்பைக்குப் போகிறது. பழுதுநீக்கும் செலவு வடிவமைப்பாளரின் மேசையிலேயே நிர்ணயமாகிறது. அதைச் செலுத்துபவரோ பல ஆண்டுகளுக்குப் பின் வரும் நுகர்வோர்.

சந்தை இதைத் தானே திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது தரமான பொருளுக்குரிய விலை கிடைப்பதில்லை என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மின்கலம் பற்றவைக்கப்பட்டதா, கழற்றக்கூடியதா என்பதைக் கடையில் நின்று எவரும் பார்த்து அறிய முடியாது. எனவே, கழற்றக்கூடியதாகச் செய்பவருக்குச் சந்தையில் தனி வெகுமதி இல்லை.

இது பழைய கருவிகளோடு முடிந்த கதையும் அல்ல. பிளேஸ்டேஷன் 4-இல் கடிகார மின்கலம் தீர்ந்து, நிறுவனத்தின் வலையமைப்போடு தொடர்புகொண்டு நேரத்தைச் சரிபார்க்கவும் முடியாமற்போனால், கையில் உள்ள குறுந்தகடும் ஓடாது என்பது தெரியவந்தது. 2021 செப்டம்பரில் வெளியான மென்பொருள் மேம்பாட்டில்தான் அக்குறை நீங்கியது. விலை கொடுத்து வாங்கிய பொருள், ஒரு சிறு மின்கலத்தையும் தொலைதூரக் கணினி ஒன்றையும் நம்பி நின்றது என்பது சிந்திக்கத்தக்கது.

இத்தகைய நிலையில்தான் சட்டத்தின் துணை தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய மின்கலச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, கருவிகளில் உள்ள சிறு மின்கலங்களைப் பயனாளியே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்கிறது. அது 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. எளிதில் கழலும் பொத்தான் மின்கலத்தைக் குழந்தைகள் விழுங்கிவிடும் அபாயம் உண்டு என்ற எதிர்வாதம் நியாயமானதே. அதனால்தான் அத்தகைய மூடிகளைக் கருவி கொண்டோ, ஒரே நேரத்தில் இரு அசைவுகளாலோ மட்டுமே திறக்க முடிய வேண்டும் என்று, அமெரிக்கா 2022-இல் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கூறுகின்றன. மூடியில் ஒரு திருகாணி இருந்தால் குழந்தைக்கும் பாதுகாப்பு, பழுதுநீக்கவும் தடையில்லை. பற்றவைப்பதற்கு அது காரணமாகாது.

இந்தியாவிலும் நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, அதே ஆண்டில் அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. தகவல் தருவதோடு நில்லாமல், முதலில் தேயும் பாகம் எது, அதைப் பயனாளி மாற்ற முடியுமா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடச் செய்தால் வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க இயலும். தயாரிப்பாளருக்குப் பெரிய செலவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுக் கருவியில் சாத்தியமானதை இன்றைய கருவிகளிடம் எதிர்பார்ப்பது மிகையான கோரிக்கை ஆகாது.