கூண்டுக்குள் முதலிடம் – 6: தோற்ற எலி ஜெயிக்கிறது

ஒரே கூண்டில் நான்கு ஆண் சுண்டெலிகள். ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி. மரபணுவில் ஒன்றுக்கு மற்றொன்று நகல் என்றே சொல்லிவிடலாம். ஆனாலும் அவற்றுக்குள் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, கடைசி என்று ஒரு வரிசை அமைந்துவிடுகிறது. கடியும் துரத்தலுமாக அந்த வரிசை உருவாகும் விதத்தைப் போன வாரம் பார்த்தோம். அமைந்த பிறகு சண்டை குறைந்துவிடும். அப்புறம் யார் பெரியவர் என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

சிறுநீர் காட்டிக்கொடுக்கும். கூண்டின் தரையில் காகிதம் விரித்து, பிறகு அதைப் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் சிறுநீர்க் கறை ஒளிரும். மேலே இருக்கிற எலி தரை முழுக்கச் சொட்டுச் சொட்டாக அடையாளம் வைத்திருக்கும். அடங்கிப் போகிற எலி ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிப் போயிருக்கும். 1973-லேயே பதிவான ஆராய்ச்சி இது.

இன்னொரு வழி, குழாய். அமெரிக்க உளவியலாளர் கார்ட்னர் லிண்ட்ஸே 1961-ல் அறிமுகப்படுத்திய சோதனை. கண்ணாடி போலத் தெளிவான, ஒரு எலி மட்டுமே நுழையக்கூடிய குறுகிய குழாய். திரும்பக்கூட இடமிருக்காது. இரு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு எலியை உள்ளே விடுவார்கள். நடுவில் மூக்கோடு மூக்கு முட்டும். ஒன்று தலையைத் தாழ்த்தித் தள்ளும். மற்றது காலை ஊன்றி நிற்கும், எதிர்த்துத் தள்ளும். கடைசியில் ஏதாவது ஒன்று பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்துவிடும். வந்தது தோற்றது.

சீனாவின் ஹாங்சோவில் உள்ள ஷெஜியாங் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி ஹூ ஹைலான், இந்தப் பழைய குழாயை வைத்துத்தான் புதிய கேள்வி கேட்டார். பின்வாங்கலாம் என்ற முடிவு மூளையில் எங்கே பிறக்கிறது? முன்மூளைப் புறணியின் நடுப்பகுதியில் என்று அவருடைய குழு 2011-ல் காட்டியது. மேல்நிலை எலிகளுக்கு அங்கே நரம்புச் செல்களின் இணைப்புகள் வலுவாக இருந்தன. இணைப்பை வலுப்படுத்தினால் எலி வரிசையில் ஏறியது, பலவீனப்படுத்தினால் இறங்கியது.

2017-ல் அதே குழு இன்னும் துணிந்தது. பாசியிலிருந்து எடுத்த, ஒளிக்கு வினைபுரியும் புரதத்தை அந்த நரம்புச் செல்களில் ஏற்றி, மெல்லிய ஒளியிழை வழியாக நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். வழக்கமாகத் தோற்கிற எலி, தனக்கு மேலே இருந்ததைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் புதுப் பலம் எதுவும் வந்துவிடவில்லை. உடல் இயக்கத்தில் மாற்றமில்லை, பதற்றமும் குறையவில்லை. முன்பைவிட அதிகமாகத் தள்ளியது, தள்ளப்பட்டபோது விட்டுக்கொடுக்க மறுத்தது. அவ்வளவுதான். அதே செல்களை அடக்கி வைத்தபோது, ஜெயித்துப் பழகிய எலி பின்வாங்கியது.

மறுநாள் ஒளி இல்லை. ஆனால் முன்பு ஒளியின் உதவியோடு ஆறு முறையோ அதற்கு மேலோ ஜெயித்த எலிகள் புது இடத்தைத் தக்கவைத்துக்கொண்டன. அதைவிடக் குறைவாக ஜெயித்தவற்றில் சில பழைய இடத்துக்கே திரும்பின. மூளையின் உட்பகுதியான தலாமஸிலிருந்து முன்மூளைப் புறணிக்கு வரும் பாதை அந்த வெற்றிகளால் வலுப்பட்டிருந்தது. குழாயில் பெற்ற துணிச்சல் குழாயோடு நிற்கவும் இல்லை. சில்லிட்ட தரையில் ஒரு மூலை மட்டும் கதகதப்பாக, ஓர் எலிக்கு மட்டும் இடமிருக்கும்படி ஒரு பெட்டி வைத்தார்கள். குழாயில் ஜெயித்துவந்த எலி அந்த மூலையையும் பிடித்துக்கொண்டது.

ஆய்வகத்தில் வளர்த்த ஆண் எலிகளிடம் கண்டது இது. மனிதர்களின் அலுவலகத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க அவசரப்பட வேண்டாம். எலியைப் பொறுத்தவரை தீர்ப்பு தெளிவாக இருக்கிறது. முதலிடம் தசையில் இல்லை, விடாப்பிடியில் இருக்கிறது. அந்த விடாப்பிடியை வளர்ப்பது முந்தைய வெற்றிகள். தலைவனாகவே பிறந்த எலி, அடிமையாகவே பிறந்த எலி என்ற பேச்சுக்கு இந்தக் கூண்டில் இடமில்லை.

நெடுநாள் முதலிடத்தில் இருந்த எலியை, தனக்குக் கீழே இருந்தவற்றிடம் வரிசையாகத் தோற்க வைத்தால் என்ன ஆகும்? அந்த எலி மனச்சோர்வு போன்ற நிலைக்குப் போய்விடுகிறது. அதன் கதை அடுத்த வாரம்.