கிதாருக்குள் ஒரு தம்பூரா

கிதார் கற்க வருபவர்களுக்கு ‘மோட்’ என்ற பாடம் பெரும்பாலும் தலைகீழாகவே சொல்லித்தரப்படுகிறது. சி மேஜர் ஸ்கேலை டி-யிலிருந்து வாசித்தால் டோரியன், ஜி-யிலிருந்து வாசித்தால் மிக்ஸோலிடியன் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் சி மேஜரில் ஊறிய காது, எங்கே தொடங்கினாலும் சி-யில் போய்த்தான் இளைப்பாறும். விரல்களுக்கு ஏழு சுரங்களும் வந்திருக்கும், மோட் வந்திருக்காது. ஒரு சுரம் ஷட்ஜத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில்தான் மோடின் நிறம் இருக்கிறது. ஷட்ஜமே ஒலிக்காதபோது அந்தத் தூரத்தைக் காது எதை வைத்து அளக்கும்? ஆகவே மோடை உணர்ந்து கற்க நல்ல வழி, கம்பிகளின் சுருதியை மாற்றி, கிதாரையே அதன் தம்பூராவாக்கிக்கொள்வதுதான் என்பேன். பழந்தமிழ் இசையின் பண்ணுப்பெயர்ப்பு முறையிலும் இந்தத் தெளிவு இருக்கிறது. செம்பாலை என்ற பாலையின் இரண்டாம் சுரமான துத்தத்திலிருந்து தொடங்கினால் மட்டும் படுமலைப்பாலை வந்துவிடாது. துத்தமே குரலாக வேண்டும், அதாவது அதுவே புதிய ஆதார சுரமாக வேண்டும்.

கம்பிகளின் சுருதியை மாற்றும் வழிக்கு நல்ல சான்று, பிரிட்டிஷ் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் பரப்பிய சுருதி. மொராக்கோவில் ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க அவர் கையாண்ட வழி அது. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை டி, ஏ, டி, ஜி, ஏ, டி. நம் கணக்கில் ச, ப, ச, ம, ப, ச. வழக்கமான சுருதியிலிருந்து முதல், இரண்டாம், ஆறாம் கம்பிகளை இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறக்கினால் போதும். திறந்த கம்பிகள் ஒரு முழுக் கார்டாக ஒலித்தால்தான் அது ஓபன் ட்யூனிங் என்று கறாராகச் சொல்பவர்கள் இதை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இதன் வலிமையே அந்தக் குறையில்தான் இருக்கிறது. திறந்த கம்பிகளில் காந்தாரம் இல்லை. ஓபன் டி என்ற சுருதியில் மூன்றாம் கம்பி அந்தர காந்தாரமாக நின்று, இது மேஜர்தான் என்று முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிடும். அதன்மேல் டோரியன் வாசித்தால் இரண்டு காந்தாரங்கள் மோதும். கிரஹாமின் சுருதியில் தீர்ப்பு வாசிப்பவரிடமே இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறாம் கம்பிகளை ஒலிக்கவிட்டு, முதல் கம்பியில் 0, 2, 4, 5, 7, 9, 10, 12 என்று ஃபிரெட்டுகளைத் தொட்டு ஏறினால் மிக்ஸோலிடியன். நம் ஹரிகாம்போதி மேளத்தின் சுரங்கள். நான்கை மூன்றாக்கினால் டோரியன், அதாவது கரகரப்பிரியா. அதோடு ஒன்பதை எட்டாக்கினால் நடபைரவி. ஒரே ஒரு ஃபிரெட் நகர்ந்ததற்கு மனநிலை முழுதும் மாறுவதைக் கேட்டவருக்கு மோட் பற்றிய விளக்கம் அதற்குமேல் வேண்டியிருக்காது. (மேளத்தின் சுரங்கள் என்றுதான் சொன்னேன், கமகமும் பிடிகளும் இல்லாமல் ராகம் ஆகிவிடாது.)

வழக்கமான சுருதியில் மோட் வாசிக்கவில்லையா என்று கேட்கலாம். வாசிக்கிறார்கள், அருமையாகவும் வாசிக்கிறார்கள். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பின் முதல் பாடல் டி டோரியனிலிருந்து அரைச்சுரம் ஏறி மீண்டும் இறங்குகிறது; ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுருதியில் அது எளிதல்ல. ஆனால் அங்கே ஆதாரத்தை நிலைநிறுத்த பாஸும் பியானோவும் உடனிருக்கின்றன. தனியாக வாசிப்பவருக்கு அந்தத் துணை இல்லை. சுருதியை மாற்றினால் ஒரே ஷட்ஜத்தில் அடைபட்டுவிடுவோம் என்பது அடுத்த தடை. ஷட்ஜத்தை உயர்த்த, எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ இருக்கிறது. அதைவிட, வீணையின் ஏழு தந்திகளும் ஷட்ஜ பஞ்சமங்களில் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. அதனால் அந்த இசை வறுமைப்பட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள்.

உண்மையான குறைகள் வேறு. லிடியனுக்கு, அதாவது கல்யாணிக்கு, பிரதி மத்தியமம் வேண்டும். திறந்த மூன்றாம் கம்பியோ சுத்த மத்தியமம். அதைத் தெரியாமல் மீட்டினால் கல்யாணி கெட்டுவிடும். உள்ளங்கையால் அடக்கியே ஆகவேண்டும். இன்னொன்று சற்று ஆழமானது. கிதாரின் ஃபிரெட்டுகள் சம இடைவெளிக் கணக்கில் பதிக்கப்பட்டவை. அதனால் அந்தர காந்தாரம், தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்தே நிற்கும். சாதாரண வாசிப்பில் இது கவனத்துக்கு வராது. ஷட்ஜம் தொடர்ந்து ஒலிக்கும்போது உறுத்தும். கம்பியை இழுத்தால் சுரம் உயரத்தான் செய்யும், இறங்காது. ஆனாலும் இதை இந்த முறைக்கு எதிரான வாதமாக நான் கொள்ளவில்லை. முன்பு கேட்காத ஒரு பிசகைக் காது இப்போது கேட்கிறது என்றால், அது சுருதி கேட்கப் பழகிவிட்டது என்றே பொருள்.

வீட்டில் கிதார் இருப்பவர்கள் மோடுகளின் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, அந்த மூன்று கம்பிகளை இறக்கிப் பாருங்கள். டி ஒலித்துக்கொண்டிருக்கட்டும், முதல் கம்பியில் நான்காம் ஃபிரெட்டையும் மூன்றாம் ஃபிரெட்டையும் மாறி மாறித் தொட்டு, பத்து நிமிடம் கேளுங்கள்.