தாம்பரத்து வெயிலில் ஒரு காய்கறிப் பொடி

தாம்பரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ மொட்டை மாடியில் தக்காளியைக் காயவைத்துப் பொடித்தால், சில நாளிலேயே பாட்டிலுக்குள் கட்டி தட்டிவிடுகிறது. குற்றம் வெயிலில் இல்லை, காற்றில்.

தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ காயவைத்தால் தேறுவது 50, 60 கிராம். அந்தக் கொஞ்சத்தில் புளிப்பு, சர்க்கரை, குளூட்டமேட் எல்லாம் செறிந்துவிடும். ரசத்தில் ஒரு ஸ்பூன் போட்டாலே ருசி தூக்கலாக இருப்பதற்கு இந்தக் குளூட்டமேட் முக்கியக் காரணம். 1908இல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது இதைத்தான். 1959இல் யூகோஸ்லாவியாவில் பிறந்த ‘வெகெட்டா’ பொடியில் காய்ந்த காய்கறியோடு உப்பும் குளூட்டமேட்டும் கலந்திருந்தன. வீட்டுப் பொடிக்குக் குளூட்டமேட்டைத் தனியாக வாங்க வேண்டாம். தக்காளியோடு கொஞ்சம் காய்ந்த காளான் சேர்ந்தால் போதும்.

சிக்கல் சர்க்கரையில் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடையில் பிற்பகல் கடற்காற்று வந்ததும் நமக்கு அப்பாடா என்றிருக்கும். தட்டில் கிடக்கும் தக்காளிக்கு அது ஆகாது. வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் அப்போதே உள்ளே எடுத்துவிட வேண்டும். ராத்திரி மாடியில் விட்டால் போன ஈரம் திரும்ப ஏறும். மாசி தொடங்கிச் சித்திரை வரை இதற்கு ஏற்ற காலம். ஐப்பசியில் இறங்குவது வீண் வேலை.

சாம்பாருக்கு நாட்டுத் தக்காளிதான் என்று அடம்பிடிப்பவர்களும் இதற்குப் பெங்களூர் தக்காளி வாங்கலாம். சதை அதிகம், சாறு குறைவு. மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவி, வெள்ளை வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். கூடச் சேர்க்கும் கேரட்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் நொதிகள் அடங்கும். நிறமும் மணமும் கெடாது. சின்ன வெங்காயத்துக்கு அது கூடாது. வெங்காய வாசனையை உண்டாக்குவதே ஒரு நொதிதான். முருங்கைக்கீரைக்கு நிழல் போதும். நேர்வெயில் பட்டால் பச்சை வெளுக்கும், கரோட்டினும் குறையும். சூரணத்துக்கு இலைகளை நிழலில் உலர்த்தும் வழக்கம் சித்த மருத்துவத்திலும் உண்டு.

பதம் பார்ப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வில்லை செருப்புத் தோல் மாதிரி வளைந்தால் இன்னும் காயவில்லை. ஒடித்தால் ‘பட்’டென்று முறிய வேண்டும். நம் பக்கத்து ஈரக் காற்றில் வெயில் மட்டுமே அந்தப் பதத்துக்குக் கொண்டுபோவது அபூர்வம். கடைசியில் ஓவனில் 60 டிகிரி சூட்டில் வைத்தோ, அடி கனமான வாணலியில் மிகச் சிறுதீயில் புரட்டியோ மிச்ச ஈரத்தை ஓட்ட வேண்டும். தீ கூடினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

ஆறியதும் உடனே அரைத்துவிடுங்கள், காத்திருந்தால் நமுத்துவிடும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் தக்காளி இளகிப் பிளேடில் அப்பிக்கொள்ளும். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை சேர்த்து அரைப்பது நல்லது. அதன் மாவு துகள்களுக்கு நடுவே புகுந்து ஒட்டாமல் பிரிக்கும். ஆலைகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பதும் இதற்காகவே.

சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரித்து அடைத்து, ஒன்றை மட்டும் அடுப்பங்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற குழம்புக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்ட வேண்டாம். ஆவி உள்ளே போய்விடும். காய்ந்த ஸ்பூனால் எடுத்துப் போடுங்கள்.