உஷார்! சீனியில் தைலம் விட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்

நுவரெலியாவில் தை மாதப் பனி இறங்கினால் லயத்துக்கு லயம் பிள்ளைகளுக்குத் தடிமல்தான். அந்த நேரம் பார்த்து மேல்தட்டில் கிடக்கும் யூக்கலிப்டஸ் தைலப் போத்தலும் கீழே இறங்கும். பெரியவர்கள் நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துக்கொள்வதைப் பற்றி இங்கே பேச்சில்லை. "சீனியில ரெண்டு சொட்டு விட்டுக் குடு புள்ள, சளி அத்துக்கிட்டுப் போயிரும்" என்று அப்பாயி சொல்ல, தாய் கரண்டியைத் தேடுகிறாளே, அந்தக் கையைத்தான் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது.

தைலம் குடிக்கிற மருந்தல்ல. சிறு பிள்ளைக்கு இரண்டு மூன்று மில்லிலீற்றரே நஞ்சாகலாம். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், உள்ளே போனால் பிள்ளை நினைவிழந்து மூச்சுத் திணறும் நிலைக்குப் போய்விடலாம். வலிப்பும் வரலாம். இதற்கு மணிக்கணக்கு ஆகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும்.

"ரெண்டு சொட்டுத்தானே" என்பீர்கள். எதில் இரண்டு சொட்டு? சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நம் சனம் டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் ஒரே மரமல்ல. உலகத்தில் அதன் இனங்கள் எழுநூறுக்கு மேல். தேயிலைத் தோட்டங்களுக்கு விறகும் காற்றுத் தடுப்பும் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை இவை. தைலத்துக்குப் பேர்போன குளோபுலஸ் இனத்தின் எண்ணெயில் சினியோல் என்ற சரக்கு 60 முதல் 85 சதவீதம் வரை இருக்கும். நம் மலைகளில் நெடுநெடுவென்று நிற்கும் கிராண்டிஸில் சினியோல் குறைவு, பைனீன் அதிகம். எலுமிச்சை வாசம் அடிக்கும் சிட்ரியோடோராவில் சிட்ரோநெல்லால்தான் முக்கால்வாசி. இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு எல்லாமே தைல மரம் என்கிறோம்.

இனத்தைச் சரியாகப் பிடித்தாலும் தப்ப முடியாது. சிட்னியில் பென்ஃபோல்ட், மொரிசன் என்ற இரு இரசாயனக்காரர் 1927இல் டைவ்ஸ் என்ற யூக்கலிப்டஸைப் பற்றி எழுதினார்கள். இலை, பட்டை, பூ எதிலும் வித்தியாசமில்லாத மரங்கள். ஒன்றின் எண்ணெயில் பிப்பெரிட்டோன் நிறைந்திருக்கிறது, பக்கத்து மரத்தில் சினியோல். இன்னும் வேடிக்கை, 1990இல் ஆஸ்திரேலியாவில் ஒரே மரத்தின் மற்றக் கிளைகளையெல்லாம் வண்டுகள் மொட்டையடித்துவிட்டு ஒரு கிளையை மட்டும் தொடாமல் விட்டிருந்தன. சோதித்தால் அந்தக் கிளையின் எண்ணெய் வேறு. வண்டுக்குத் தெரிந்தது நம் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மேல் தளிரா முற்றலா, மழையா வெயிலா, எத்தனை மணி நேரம் காய்ச்சி வடித்தார்கள் என்பதெல்லாம் வேறு. ஐரோப்பிய மருந்து நூல் சினியோல் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். ரோட்டோரத்தில் வாங்கிய, லேபல் இல்லாத போத்தலுக்கு யார் வரம்பு கட்டினார்கள்?

மரத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் சரக்கை அளக்க முடியாது என்பது இந்த மலைக்குப் புதுப் பாடமுமல்ல. ஹக்கலைப் பூங்கா 1861இல் திறக்கப்பட்டதே காய்ச்சல் மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்துக்காகத்தான். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்ததும் துரைமார் சிங்கோனாவை வெறியோடு நட்டார்கள். 1880களின் பிற்பாதியில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவில் பட்டை கப்பலேறியது. ஆனால் இங்கே பரவலாக நின்ற சிவப்புப் பட்டை மரத்தில் கொயினா மிகச் சொற்பம். ஜாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த லெட்ஜெரியானாவிலோ பத்து சதவீதத்தையும் தாண்டியது. விலை விழுந்தது, சிங்கோனாவைப் பிடுங்கிய இடத்தில் தேயிலை வந்தது. பட்டையை வாங்கிய வியாபாரி யாரும் கண்ணால் பார்த்து விலை போடவில்லை. இரசாயனக்காரர் சோதித்து இத்தனை சதவீதம் என்று சொன்ன பிறகே காசை எடுத்தான். காசுக்கு அவ்வளவு கவனம். பச்சைப்பிள்ளைக்கு மட்டும் கண்மதிப்பு போதுமா?

தடவுவதிலும் ஜாக்கிரதை. 30 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தத் தைலம் கூடவே கூடாது என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் அறிவுரை. குரல்வளை இறுகி மூச்சு அடைபடலாம். மூக்கு நுனியில் பூசுவது, தலையணையில் ஊற்றுவது, கற்பூரம் கலந்து தேய்ப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கற்பூரமும் தன் பங்குக்கு வலிப்பைக் கொண்டுவரும். பிள்ளைமடுவத்துக்கு அனுப்பும் பையில் இந்தப் போத்தலை வைக்கவே வேண்டாம். பழைய சோடாப் போத்தலில் தைலத்தை ஊற்றி வைக்கும் வீடுகள் இன்றைக்கே அதை மாற்றட்டும்; தவழும் பிள்ளைக்கு அது சோடாதான்.

குடித்துவிட்டதென்று தெரிந்தால் தொண்டையில் விரல் விடாதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது இன்னொரு ஆபத்து. வாயைத் துடைத்து, பிள்ளை மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அட்டன் பக்கத்தவர் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும் மற்றவர்கள் கிட்ட இருக்கும் அரச ஆஸ்பத்திரிக்கும் ஓடுங்கள். பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று காலை வரை பார்த்திருக்கவேண்டாம். இருமல், தள்ளாட்டம், தூக்கச் சொக்கல், மூச்சில் தைல வாசம், இதில் எது கண்டாலும் ஆஸ்பத்திரியில் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாயி கொடுத்தார் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், டொக்டர் ஏசினால் ஏசட்டும். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே போனது என்ன, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.